கடதாசிச் சிங்கத்தின் வால்: லுணுகலை லயங்களில் பெப்ரவரி 4 கொடி செய்யும் கலை பற்றி ஒரு முதனிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் தேசியக் கொடியை ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை, விழாவுக்கு முதல் நாள் இரவு, கடை பூட்டிய பிறகு, வீட்டில் கிடைத்ததை மட்டும் வைத்துச் செய்து முடிப்பது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள். களம், பதுளை மாவட்டத்து லுணுகலையும் சுற்றியுள்ள தோட்டத்து லயங்களும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும். வரலாறு, சட்டம், வேதியியல், பசையியல் ஆகிய துறைகள் தேவைப்பட்ட இடத்தில் இழுத்து வரப்பட்டுள்ளன. வர மறுத்த துறைகளை வற்புறுத்தவில்லை. சிங்கம்தான் கஷ்டம், கோடு லேசு என்று ஆண்டாண்டாக நிலவும் கருத்தில் முதற்பாதி மட்டுமே உண்மை என்பது ஆய்வின் முடிவு.

திறவுச்சொற்கள்: கோதுமை மா, சோற்றுப் பருக்கை, மிலாறு, சிங்கத்தின் வால், அம்மாவின் பொறுமை.

1. ஆய்வின் தேவை

தேசபக்திக்கும் நான்காம் திகதிக்கும் ஏதோ ஒரு ஜாதகப் பொருத்தம் இருக்கிறது. அமெரிக்கருக்கு ஜூலை 4, நமக்குப் பெப்ரவரி 4. பொருத்தம் அத்தோடு சரி. அவர்களுக்கு அது கோடை விடுமுறை. வெயில் காயும், பிள்ளைகள் வீட்டில் கிடப்பார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கைவசம் இருந்தால் கடதாசித் தட்டிலும் ஐஸ் குச்சியிலும் வெற்றுப் போத்தலிலும் பூசிவிட்டுத் தேசபக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். நமக்கோ தை மாதம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். லுணுகலையில் அது முதலில் லயத்துத் தகரத்தைத் துளைத்துவிட்டுத்தான் தரைக்கு வரும். ஒட்டின பசை காயாது. அதிலும் நம் கொடியில் இருப்பது வெறும் கோடும் நட்சத்திரமும் அல்ல, வாளேந்திய சிங்கம்.

மலையகத்தை ஆராய்ந்த அறிஞர்கள் குடியுரிமை, கூலி, காணி, வீடு என்று பெரிய விஷயங்களையே பிடித்துக்கொண்டார்கள். பசையைத் தொட்டவர் எவருமில்லை. தொட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள், அது விடாது. இக்குறையை நிவர்த்திக்கவே இச்சிறு முயற்சி.

2. ஆய்வுக் களமும் பிரச்சினையின் தோற்றமும்

பேராதனையில் புறப்பட்டுப் பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 நெடுஞ்சாலையில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே கிடக்கிறது லுணுகலை. மேலே தேயிலை மலை, கீழே வெல்லஸ்ஸைப் பள்ளம். ஹொப்டன், அடாவத்தை என்று தோட்டங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து முடியும்போது மறுபுறம் பாடசாலைப் பிள்ளைகள் இறங்கி நடப்பார்கள். பிரச்சினை அந்தப் பாடசாலையிலேயே பிறக்கிறது. களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

"அம்மா, நாளைக்குக் கொடி கொண்டுபோகணும்."

"எப்படா சொன்னாங்க?"

"போன கிழமை."

"போன கிழமை சொன்னத இப்ப வந்து சொல்றியே, கொழுந்து மலையில இருந்து வந்து இன்னும் காலக்கூட கழுவல நானு!"

"டீச்சர் சொன்னாங்க, கடையில வாங்கக் கூடாதாம். நாங்களே செய்யணுமாம்."

இவ்வுரையாடலில் "நாங்களே" என்ற தன்மைப் பன்மை, அம்மா, அக்கா, அப்பாயி, பக்கத்துக் காம்பராச் சித்தி ஆகியோரைக் குறிக்கும். பிள்ளை அதில் சேராது. அது இன்னும் சிறிது நேரத்தில் தூங்கிவிடும்.

டீச்சர் சொன்னதற்குச் சட்டபலமும் உண்டு. விழா அலங்காரத்துக்குப் பொலித்தீனைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017இல் வர்த்தமானி வந்தது. ஆகவே கடதாசிக் கொடி என்பது வறுமையின் விளைவு அல்ல, சுற்றாடல் கொள்கை. அந்தக் கொள்கையை லயம் அதற்கு முன்னரே பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தது என்பதை உரியவர்கள் கவனிக்கவில்லை.

3. கடதாசியின் வல்லமை பற்றி ஓர் இடைக்குறிப்பு

கடதாசியை அற்பம் என்று எண்ணுவோர் ஊவாவின் வரலாறு அறியாதவர்கள். 1818இல் வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியர் வெளியிட்ட ஒரு வர்த்தமானி, கிளர்ச்சித் தலைவர் கெப்பட்டிபொல திசாவையைத் துரோகி என்றது. அவ்வாண்டு நவம்பரில் அவரது தலை போயிற்று. அந்த வர்த்தமானியை அரசு இரத்துச் செய்தது 2016இல். ஒரு தாள் ஒருவரைத் துரோகி ஆக்கியது, 198 ஆண்டு கழித்து இன்னொரு தாள் அவரைத் தேசபக்தர் ஆக்கியது. இடையில் தலை திரும்பி வந்தது மட்டுமே உண்மையான நடமாட்டம். எடின்பரோவுக்குப் போன மண்டையோடு 1954இல் நாடு திரும்பியது.

தோட்டத்துக் கதையும் தாளின் கதையே. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமென்றால் அவன் பட்ட கடனை எழுதிய துண்டு வேண்டியிருந்தது. துண்டு இல்லாமல் துரை வேலை தரவில்லை, துண்டு இருந்தால் கடனும் கூடவே வந்தது. 1948 பெப்ரவரி 4 அன்று சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்குத் தாள் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்குச் சாட்சி மருத்துவிச்சிதான், தாள் அல்ல. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றிருந்தது. 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தே தோட்டத்து மக்களை எடுத்துவிட்டார்கள். 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இன்னொரு தாளில் கையெழுத்திட்டு, 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு வைத்தார்கள். மிச்சம் தீர 2003 வரை சட்டம் மேல் சட்டம் வேண்டியிருந்தது.

இத்தனை தாளையும் பார்த்த ஒரு சமூகம், ஒரு தாளில் கொடி செய் என்றால் பயப்படுமா? பயப்படவில்லை. கத்தரிக்கோல்தான் தேடியது.

4. முன்னாய்வுகள்

கொடி பற்றிய முதல் பெரும் ஆய்வாளர் ஈ. டபிள்யூ. பெரேரா. 1815இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியர் கொண்டுபோன சிங்கக் கொடியை லண்டன் செல்சி அரச மருத்துவமனையில் அடையாளம் கண்டவர். சிங்களவர் கொடிகள் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. அந்தக் கொடிக்கு உரியவன் என்று கொள்ளப்படும் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். அவனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். அவன் தமிழ்நாட்டில் சிறையிருந்த காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேலை இங்கே ஆரம்பமாகிவிட்டது. மன்னன் போன கடலைத் தாண்டித் தொழிலாளி வந்தான். கொடி மட்டும் வேறு திசையில் லண்டனுக்குப் போயிற்று.

1948இல் ஏற்றியது சிங்கத்தை மட்டும் கொண்ட கொடி. பிறகு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரு கோடுகளைச் சேர்த்தது. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் இணங்கவில்லை, தன் மாறுபாட்டை எழுதி வைத்தார். 1951 மார்ச் 2 அன்று கொடி ஏற்கப்பட்டது. 1972இல் குடியரசானபோது நான்கு மூலைகளிலும் அரசிலை வந்தது. மேற்சொன்னோரில் எவரும் அந்தச் சிங்கத்தை ஒரு பன்னிரண்டு நிறப் பெஸ்டல் பெட்டியைக் கொண்டு வரைய நேரும் பிள்ளையை நினைத்துப் பார்க்கவில்லை என்பது குறைபாடு.

5. மூலப்பொருட்கள்

5.1 கடதாசி

கொடியின் நீளம் அகலத்தின் இருமடங்கு. ஓர் ஏ4 தாள் 297 மில்லிமீற்றருக்கு 210. ஆகவே 210க்கு 105 என்ற அளவில் இரண்டு கொடி வெட்டலாம், 87 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும். இந்த மிச்சத் துண்டிலிருந்துதான் செம்மஞ்சள், பச்சைக் கோடுகளுக்கான பட்டிகளை வெட்டுவது வழக்கம். அதாவது சிங்கத்துக்குத் தாள், கோட்டுக்கு மீதி. இவ்வவதானம் பிறகு தேவைப்படும். வாசகர் மனத்தில் வைக்கவும்.

ஏ4 இல்லாத வீட்டில் கொப்பியின் நடுப்பக்கம். ஊசியைக் கழற்றி நடுத்தாளை உருவினால் கணக்கு டீச்சருக்குத் தெரியாது. ஆனால் ஒற்றைக் கோடு போட்ட தாளில் வரைந்த சிங்கம் சிறைக்குள் நிற்கும்.

மிகச் சிறந்த மூலப்பொருள் தேர்தல் சுவரொட்டி. அகலமானது, கனமானது, பின்புறம் வெள்ளை, விலை இல்லை. 2024இல் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் என்று வந்தது கைவினைத் துறைக்கு ஒரு பொற்காலம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அவ்வாண்டு ஒரு தேர்தல் வைத்திருந்தால் பரீட்சையும் நடந்திருக்கும் என்பது எமது துணிபு. சுவரொட்டியின் ஒரே குறை, கொடியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் சிங்கத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரிப்பார்.

5.2 பசை

பசையில் மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது சோற்றுப் பருக்கை மரபு. விரல் நுனியில் ஒரு பருக்கையை நசுக்கித் தேய்த்தால் வேலை முடிந்தது. செலவில்லை, காத்திருப்பில்லை. ஆனால் காய்ந்தால் கட்டி தட்டும், இரவில் எலி வந்து கொடியின் பௌத்த விழுமியங்களைக் குறிக்கும் இலைகளையே முதலில் தின்னும். பருக்கை அங்கேதான் அதிகம்.

இரண்டாவது மா மரபு. கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கட்டியில்லாமல் பார்த்து, அடுப்பில் வைத்துத் துழாவ வேண்டும். அறுபது பாகை செல்சியசைத் தாண்டும்போது மாச்சத்து நீரை உறிஞ்சி ஊதிக் கொழகொழக்கத் தொடங்கும். வெள்ளை மங்கிக் கண்ணாடி மாதிரி தெளிவு வந்ததும் இறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடிப்பிடிக்கும். ஒரு துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது, ஆனால் அது நஞ்சு, சிறுபிள்ளை உள்ள வீட்டில் ஆகாது. இம்மரபின் பெருந்தடை பொருளாதாரம். காலையில் ரொட்டி தட்டவும் அதே மாதான். "பசைக்கு ஒரு கை மா எடுத்தா ரெண்டு ரொட்டி போச்சு, கொடி வயித்த நெறப்புமா?" என்று அப்பாயி கேட்கும் கேள்விக்கு அரசியல் விஞ்ஞானத்தில் இன்றுவரை பதிலில்லை.

மூன்றாவது கம் போத்தல் மரபு. பணக்கார மரபு. போத்தல் எப்போதும் அடுத்த காம்பராவில் இருக்கும், எப்போதும் வாய் அடைத்திருக்கும்.

5.3 நிறம்

கொடியின் பெரும்பகுதி குங்குமச் சிவப்பிலும் சேராத, பழுப்பிலும் சேராத ஒரு கருஞ்சிவப்பு. பன்னிரண்டு நிறப் பெட்டியில் அது கிடையாது. சிவப்பின் மேல் பழுப்பைத் தேய்க்க வேண்டும். இரண்டும் தேய்ந்து போனவர் வெலிமடைப் பக்கத்துப் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து பூசலாம். பூசியது சிவப்பாக இருக்கும், காயக் காய மண் நிறமாகும். வெற்றிலைச் சாறு இன்னும் பொருத்தமான நிறம் தரும். எனினும் தேசியக் கொடியின் மீது துப்புவது எந்த நோக்கத்தில் செய்தாலும் குற்றம் ஆதலால் அதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சள் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போனபோது மட்டும் இது தடைப்பட்டது. ஒரு நாளைக்குக் கொழுந்து பறித்தால் 1,000 ரூபா என்பதையே 2021 வர்த்தமானி வரும்வரை போராடிப் பெற வேண்டியிருந்த வீட்டில், கொடியின் ஓரத்துக்கு மஞ்சள் தூவுவது ஆடம்பரமே.

செம்மஞ்சளுக்கு ஒரு சூத்திரம் உண்டு. மஞ்சள்தூள் கரைசலில் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து நுனி விரல் சுண்ணாம்பு. காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுவே. சுண்ணாம்பைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் செம்மஞ்சளில் நிறுத்தலாம். ஆனால் நிற்காது. சுண்ணாம்பு காற்றில் வலுவிழக்க விழக்க அந்நிறம் மறுபடி மஞ்சளை நோக்கிப் போகப் பார்க்கும், வெயில் பட்டால் வெளுக்கவும் செய்யும். தமிழரின் கோடு நாளடைவில் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும் இப்போக்கைக் குறித்து வேதியியல் மட்டுமே பேசுகிறோம்.

பச்சைக்குத் தேயிலைக் கொழுந்தைக் கசக்கித் தேய்ப்போர் உண்டு. இது பிழை. கசக்கிய கொழுந்து காற்றுப் பட்டால் செம்பு நிறமாகிக் கறுக்கும். ஸ்டோரில் நடக்கும் தொழிலே அதுதான். தேயிலையில் எதைச் செய்தாலும் முடிவில் தேயிலைத்தூள்தான் வரும். கீரைச் சாறே உத்தமம்.

5.4 கம்பம்

ஈர்க்கு, மூங்கில் சிம்பு, மிலாறு என மூன்று. மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் சுள்ளி. தலையில் கட்டி வந்து அடுப்பெரிப்பது. உறுதியானது, எங்கும் கிடைப்பது, ஆனால் நேரானது ஒன்றும் இல்லை. மிலாறில் கட்டிய கொடி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும். ஈர்க்கு நேராக இருக்கும், ஆனால் விளக்குமாறிலிருந்து உருவியது அம்மாவுக்கு மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

6. சிங்கவியல்

கொடி செய்யும் நேரத்தில் பெரும்பங்கு சிங்கத்துக்கே போகிறது. காரணம் எளிது. இலங்கைக் காட்டில் சிங்கம் இல்லை. லுணுகலைப் பிள்ளை அறிந்த மிருகங்கள் மரவள்ளியைத் தோண்டும் காட்டுப்பன்றியும், எப்போதாவது தேயிலைக்குள் படுத்திருக்கும் சிறுத்தையும். அது நேரில் பார்த்த ஒரே சிங்கம் தோட்டத்து மாரியம்மன் கோவில் சுவரில் அம்மனைச் சுமந்து நிற்பது. ஆகவே களத்தில் கிடைத்த சிங்கங்களை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம்.

கோவில் சிங்கம்: பிடரி சுருள் சுருளாக, நாக்கு வெளியே, கண் உருண்டை. முதுகில் யாரோ ஏற வேண்டும் என்று காத்திருக்கும். பக்தி உண்டு, போர்க்குணம் இல்லை.

லயத்துச் சிங்கம்: லயத்து நாயின் உடல், மேலே பிடரி ஒட்டியது. வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். சிங்கத்தின் வால் மேலே வளைந்து கர்வமாக நிற்க வேண்டும். இது ஆட்டத் தயாராக இருக்கும்.

நாணயச் சிங்கம்: பத்து ரூபாக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது. அரச இலச்சினையின் நடுவில் வாளோடு நிற்கும் சிங்கம் அச்சு அசலாக வந்துவிடும். மிகவும் நேர்த்தியானது. ஒரே குறை, கொடியில் ஒட்டினால் ஈ என்று நினைத்துத் தட்டுவார்கள்.

வாள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிங்கம் வலது முன்காலில் வாளைத் தூக்கி நிற்க வேண்டும். வாள் பார்த்திராத பிள்ளை தனக்குத் தெரிந்த கத்தியை வரைகிறது. அது கவ்வாத்துக் கத்தி. நுனி வளைந்தது, பிடி குட்டையானது. இந்தச் சிங்கத்தைப் பார்க்கும் கங்காணி ஒருவர், "நல்லாத்தான் இருக்கு தம்பி, நாளைக்கு இவரயும் மலைக்கு அனுப்பிரலாம்" என்று சொல்வது இயல்பே.

7. ஒப்பியல்

உலகக் கொடிகளைக் கைவினைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தினால் ஜப்பான் கடைசியில் நிற்கும். ஒரு கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டால் முடிந்தது. இந்தியாவுக்கு மூன்று பட்டியும் ஒரு சக்கரமும். சக்கரத்தில் 24 ஆரம் என்பதால் எண்ணத் தெரிந்த பிள்ளை வேண்டும். அங்கே கைத்தறி, கைநூற்பு என்று பல காலம் பிடிவாதமாக இருந்துவிட்டு, 2021 டிசம்பரில் இயந்திரத்தில் செய்த பொலியெஸ்டர்க் கொடிக்கும் வழிவிட்டார்கள். நேபாளம் நேர்மையானது. கொடியை எங்கே தொடங்கி எந்தக் கோட்டை எப்படிக் கீற வேண்டும் என்று அரசியலமைப்பின் அட்டவணையிலேயே படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. கைவினை டீச்சர் ஒருவர் எழுதிய அரசியலமைப்பு என்று தோன்றும்.

நம் அரசியலமைப்புகள் 1972இலும் 1978இலும் மாறின. இரண்டிலும் சிங்கத்தின் வாலை எப்படி வரைவது என்று ஒரு சொல் இல்லை. நாட்டில் பிற்பாடு நடந்த குழப்பம் அனைத்துக்கும் இதுவே காரணம் என்று கூற எம்மிடம் சான்று போதாது. ஆனால் வேறு காரணம் சொன்னவர்களிடமும் போதவில்லை.

செலவு ஒப்பீட்டிலும் லயமே வெல்கிறது. 2023இல் நாடு வங்குரோத்தாகி நிற்கையில் 75ஆவது சுதந்திர தினத்துக்கு 20 கோடி ரூபா ஒதுக்கினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. லயத்துக் கொடியின் உற்பத்திச் செலவு ஒரு கை மா, ஒரு சுவரொட்டி, ஓர் ஈர்க்கு, ஒரு திட்டு. திட்டு எண்ணிக்கையில் மட்டும் கூடலாம்.

8. கண்டறிந்தவை

இனி முக்கிய முடிவு. காற்றில் ஆடும் கடதாசிக் கொடி எங்கே கிழிகிறது? வெளி ஓரத்தில் கிழியும் என்றே பலரும் எண்ணுவர். அங்கே சற்று உரியும், அவ்வளவுதான். கிழிசல் தொடங்குவது குச்சியை ஒட்டி. குச்சி அசையாது, தாள் ஆடும். ஆடும் தாளும் ஆடாத குச்சியும் சந்திக்கும் மடிப்பில் நார் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, பாடசாலையிலிருந்து திரும்பும் வழியில் மலைக்காற்று ஒரு தரம் உதறியதும் கொடி தனி, குச்சி தனி.

குச்சிப் பக்கத்தில் இருப்பது எது? கோடுகள். பச்சையும் செம்மஞ்சளும் நின்று, அவற்றுக்கு அப்பால்தான் சிங்கம். பிள்ளைகள் வேலை செய்யும் ஒழுங்கை மறுபடி பார்ப்போம். நல்ல தாள் சிங்கத்துக்கு, மிச்சத் தாள் கோட்டுக்கு. பசை முதலில் சிங்கத்துக்கு, வழித்தெடுத்த மீதி கோட்டுக்கு. நேரம் முழுதும் வாலுக்கும் வாளுக்கும், தூக்கம் கண்ணைச் சுற்றும்போது கோட்டுக்கு. சிலர் கோட்டையே விட்டுவிட்டுச் சிங்கத்தோடு நிறுத்துவதும் உண்டு. விட்ட கொடிகள் குச்சியருகே ஒற்றைத் தாளாக நின்று முதலில் கிழிகின்றன. கோட்டுப் பட்டிகளை ஓரம் வரை இழுத்து, குச்சியைச் சுற்றி மடித்து, இரண்டாம் தாளாக அழுத்தி ஒட்டிய கொடிகள் அடுத்த வெசாக் கூடு கட்டும் காலம்வரை சுவரில் செருகியபடி நிற்கின்றன.

ஆக, கோடு அலங்காரம் அல்ல, பலப்படுத்தும் பட்டி. சிங்கம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் கம்பத்தோடு அதைப் பிடித்து வைத்திருப்பது கோடுதான்.

இம்முடிவை வரலாற்றோடு வைத்துப் பார்க்கும் ஆசையை ஆய்வாளர் அடக்க முயன்றார், முடியவில்லை. செம்மஞ்சள் கோடு கொடியில் ஏறிய 1951இல், அந்தக் கோட்டுக்குரியவர்களில் பெருந்தொகையினரான தோட்டத் தமிழருக்கு நாட்டில் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. கொடியில் இடம் இருந்தது, இடாப்பில் இடம் இல்லை. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரிய பங்கு அன்று அவர்கள் பறித்த கொழுந்தில் வந்தது. சுருங்கச் சொன்னால், கம்பத்தோடு பிடித்து வைத்திருந்தவர்களை மிச்சத் தாளில் வெட்டி, மிச்சப் பசையில் ஒட்டியிருந்தார்கள்.

9. எதிர்வாதங்களும் மறுப்பும்

கோடு கம்பத்தின் பக்கம் இருப்பது தற்செயல், வலது ஓரத்தில் இருந்திருந்தால் இவ்வாதம் நிற்காதே என்று ஒருவர் கேட்கலாம். நிற்காதுதான். ஆனால் கோட்டை அங்கே வைத்தது குழு, நாம் அல்ல.

சிங்கத்தின் வாள் கோட்டை நோக்கி நீள்கிறதே, அது மிரட்டல் அல்லவா என்று இன்னொருவர் கேட்கலாம். 1951இலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடதாசிக் கொடியைப் பொறுத்தவரை விடை எளிது. கவ்வாத்துக் கத்தியாக வரைந்துவிட்டால் சிங்கம் மிரட்டவில்லை, வேலைக்குப் போகிறது.

10. பரிந்துரைகள்

(அ) கொடி கொண்டுவரும்படி பாடசாலைகள் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் அம்மாவிடம் நேரே சொல்ல வேண்டும். பிள்ளையிடம் சொல்வது அறிவித்தலாகக் கருதப்படலாகாது.

(ஆ) மஞ்சள் தாளையே அடித்தாளாகக் கொண்டு, அதன் மேல் கருஞ்சிவப்பு, செம்மஞ்சள், பச்சைத் துண்டுகளை இடைவெளி விட்டு ஒட்டினால் ஓரம் தானாக வந்துவிடும். வண்ணமும் மிச்சம், கோணலும் தெரியாது.

(இ) தேர்தல் ஆணைக்குழு, சுவரொட்டிகளின் பின்புறத்தில் எதையும் அச்சிடக் கூடாது என்ற நடைமுறையைத் தொடர்ந்து பேண வேண்டும். முன்புறத்தில் அச்சிடுவது வேட்பாளர் விருப்பம்.

(ஈ) கிழிந்த கொடியைத் தரையில் எறியாமல், மரியாதையாக மடித்து வைக்க வேண்டும். மரவள்ளித் தோட்டத்தில் பன்றி விரட்டக் கட்டுவது தேசிய பாதுகாப்பில் அடங்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

(உ) வேலை ஒழுங்கை மாற்ற வேண்டும். கோடுகளை முதலில் வெட்டுக, நல்ல தாளில் வெட்டுக. பசை சூடாக இருக்கும்போதே அவற்றை ஒட்டுக, குச்சியைச் சுற்றி ஒரு மடிப்பு கூடுதலாக விடுக. சிங்கத்தைப் பிறகு ஆறுதலாக வரையலாம், அது எங்கேயும் போய்விடாது.

இறுதியாக ஒரு வரையறை. மேற்கண்ட முடிவுகள் யாவும் 210க்கு 105 மில்லிமீற்றர் அளவுக் கடதாசிக் கொடிகளுக்கு மட்டுமே நிறுவப்பட்டவை. காலிமுகத்திடலில் ஏற்றும் துணிக்கொடிக்கும் இவை பொருந்துமா என்பதை உரிய அமைச்சுக் குழு அமைத்து ஆராயலாம். பசை வேண்டுமென்றால் லயத்தில் சொல்லிவிட்டால் போதும், மாவுக்கு மட்டும் காசு கொடுத்துவிட வேண்டும்.